நெற்றி நனையாமல்

குன்னூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, மருதாம்பாள் அக்காவின் பார்லர் படியில் வேலாமணியும் ஒரு வாலிபனும் மோதிக்கொண்டார்கள். அவள் நெற்றியை மூடியிருந்த ஸ்கார்ஃப் நழுவியது.

"ஏனுங்க... லேசா இடிச்சதுக்கா இவ்வளவு ஆச்சரியம்?"

அவள் ஆச்சரியப்படவில்லை. அவள் புருவங்கள்தான் அப்படி. கல்யாணம் நிச்சயமானதும் அண்ணி கோயம்புத்தூர் கூட்டிப்போய் நிரந்தரமாக மை குத்திவிட்ட புருவங்கள். அரை விரல் மேலேறி, நீலம் பாய்ந்துவிட்டன. 'பொண்ணு எந்நேரமும் மொறைக்குது' என்று மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள். மூன்று வருஷமாக நெற்றியை மூடிக்கொண்டுதான் தேயிலை ஃபாக்டரிக்குப் போய்வருகிறாள்.

"சிரிக்க வேற ஆளைப் பாருங்க." கண்கள் நிறைந்துவிட்டன.

உள்ளே பார்த்தால், பக்கத்து நாற்காலியில் அவனே. முழங்கைக்குக் கீழே 'புஷ்பவல்லி' என்று பச்சை குத்தியிருந்தது.

"மன்னிச்சுக்குங்க. என்ர கதையும் இதுதான். இந்தப் புள்ளை வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டுப் போயிருச்சு. ஆறு எழுத்துங்க... உமான்னு இருந்திருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்."

வேண்டாம் என்று நினைத்தும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவன் பெயர் சின்னராஜ். அருவங்காடு ஃபாக்டரியில் வேலை.

பச்சையை அழிக்க அக்காவிடம் லேசர் கிடையாது. உப்புக் கரைசலை ஊசியால் தோலில் ஏற்றுவார். மை மேலே வந்து பொருக்கில் ஒட்டிக்கொள்ளும்.

"பொருக்குத் தானா உதிரணும். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. எட்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வாங்க, ரெண்டு பேரும்."

வெளியே ஜூலை மழை. இருந்தது அவனுடைய சின்னக் குடை ஒன்றுதான்.

"நீங்க மொறைக்கறப்ப பயமா இருக்குதுங்க."

"இப்ப நெசமாவே மொறைக்கறேன்... குடையை நேரா புடிங்க."

அடுத்த முறையும் அதே குடை. நவம்பரில் மூன்றாம் முறை. மலையே கரைந்துவிடும் போல மழை. அவள் நெற்றியில் மட்டும் ஒரு துளி விழவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்...

ஜனவரியில் அவன் வரவில்லை.

"மிச்ச எழுத்து இருக்கட்டும்னு சொல்லிட்டான்," என்றார் அக்கா. கண்ணாடியில் நீலம் போய், அவளுடைய சொந்தப் புருவங்கள் மெல்லிசாகத் தெரிந்தன. யாரிடம் காட்டுவது? இன்னும் அந்தப் புஷ்பவல்லிதானா அவனுக்கு... ஸ்கார்ஃபைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

பஸ் நிலையத்தில் அவன் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் சட்டைக் கையை இழுத்துவிட்டான்.

"காட்டுங்க."

'வல்லி' அப்படியே இருந்தது. சுற்றிலும் தடித்த தழும்பு.

"பொருக்கு நனைஞ்சு சீழ் வெச்சிருச்சுங்க. இனி ஊசி ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இன்னொருத்தி பேரைப் பாதி வெச்சுக்கிட்டு... உங்ககிட்ட எந்த மூஞ்சியோட வந்து நிக்கறது?"

"எப்பிடி நனைஞ்சுது?"

கேட்டதுமே அவளுக்கு நவம்பர் மழை நினைவுக்கு வந்தது. தன் பக்கமே சாய்ந்திருந்த குடை. அதற்கு வெளியே இருந்த அவன் கை.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா குடையை விட்டு ஒதுங்கிக்குவீங்க. மறுபடி மூணு வருஷம் நெத்தியை மூடிக்கணுமா நீங்க?"

அவள் ஸ்கார்ஃபைக் கழற்றி அவன் தழும்பின் மேல் சுற்றினாள்.

"எனக்கு இனி இது வேண்டாம். அந்தப் பேரு கையில இருந்துட்டுப் போகட்டும்... வாயில என்ர பேரு வந்தாப் போதும்."

"வேலாமணி... என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவள் புருவங்கள் மேலேறின. இந்த முறை தாமாகவே.