ஒரு நிமிட மௌனம்

அறையில் யாரும் இல்லை. ஆனாலும் ஒலிப்பதிவுக் கருவியின் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.

சிட்டு மின்விசிறியை நிறுத்தியிருந்தாள். சன்னல்களைச் சாத்தி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றியாகிவிட்டது. அடுத்த வாரம் இந்த வீடு கைமாறிவிடும் என்பதால் அண்ணன் இதைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தான். "நாம எங்கேருந்து வந்தோம்னு பிள்ளைங்க நாளைக்குக் கேட்டா, காட்ட ஏதாவது வேணும்ல? ஒவ்வொரு ரூம்லயும் ஒரு நிமிஷம், யாரும் பேசாத சத்தத்தைப் பிடிச்சுக் கொடு. இந்த வீட்டுல நீ ஒரு நிமிஷம் வாய மூடினதே கிடையாது, இன்னிக்காவது மூடு" என்று சிரித்துவிட்டு கேமராவோடு மாடிக்குப் போயிருந்தான்.

படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வதுதான் அவள் தொழில். காலி அறைக்கும் ஒரு குரல் உண்டென்று அவளுக்குத் தெரியும். கூடம் லேசாக ரீங்கரித்தது. சமையலறை குழாய்க்குள் முணுமுணுத்தது. அம்மாவின் அறையைக் கடைசிக்குத் தள்ளிப்போட்டிருந்தாள்; இப்போது நிற்பது அங்கேதான்.

அம்மா போய் நான்கு மாதம். அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டுதான் இருந்தாள். முதலில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மறந்துபோனார்கள், பிறகு மகன், கடைசியில் மகள். "நீ யாரும்மா? என் பொண்ணு எங்க?" என்று நாளுக்கு நூறு தடவை கேட்பாள். "நான்தாம்மா உன் பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன சிட்டு, ஒரு கட்டத்தில் அம்மா கூப்பிட்டாலும் காதில் விழாதவள் போல அடுத்த அறையிலேயே இருந்துவிடுவாள். கடைசிக் கூப்பாடும் அப்படித்தான் போயிற்று. அதை அவள் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

பச்சைக் கோடு மறுபடி ஏறியது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தைலமும் பழைய போர்வையும் மணக்கும் அந்த அடைத்த அறையின் காற்றுக்கு அடியில், பகல் வெக்கையில் மர அலமாரி முனகும் ஓசைக்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, சளி கட்டிய ஒரு மூச்சு இழுத்து, நின்று, யோசித்து, பிறகு வெளியே வந்தது. ஆயிரம் மூச்சுக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரியும்.

ஹெட்போனைக் கழற்றினாள். சத்தமில்லை. வெறும் கட்டில், வெறும் மெத்தை.

மாட்டினாள். மூச்சு.

ஓடியிருக்கலாம். கால் எழவில்லை. பயத்தைவிடப் பெரிதாக ஏதோ அவளைப் பிடித்து நிறுத்தியது.

"யாரு அங்க?" ஹெட்போனுக்குள் அம்மா கேட்டாள்.

சிட்டு மைக்கருகே குனிந்தாள். "நான்தாம்மா. சிட்டு. அன்னிக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சும்மா. கேட்டும் வரல."

அழுகை முட்டியது. பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சிட்டு என் பக்கத்துலயே இருக்காளே," என்றாள் அம்மா. இத்தனை வருடத்தில் அந்தக் குரலில் இப்படியொரு நிம்மதி இருந்ததில்லை. "நீ யாரும்மா?"

அம்மாவின் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு. இளையது. சீரானது.

பிறகு ஒரு குரல். சிட்டுவின் குரலேதான்.

"விடும்மா. யாரோ வழி தெரியாம வந்துட்டாங்க."

"அண்ணா!"

வீடே அதிரக் கத்தினாள். பச்சைக் கோடு அசையவில்லை.

மறுபடி கத்தினாள். அசையவில்லை.

படியில் காலடி கேட்டது. நிதானமான காலடி. கதவு திறந்தது. அண்ணனின் பார்வை அவள் முகத்தின் மேல் விழுந்து, நிற்காமல், அவளைத் தாண்டிப் போயிற்று.

"முடிஞ்சுதா சிட்டு?" என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டான். பதில் கேட்டவன் போலத் தலையசைத்தான். அவன் கண் கலங்கியது. "அழாதடி. நீ எவ்ளோ பார்த்துக்கிட்டன்னு எனக்குத் தெரியாதா?"

ஆளில்லாத மெத்தையின் ஓரம் அமுங்கியிருந்தது. அண்ணன் குனிந்து, அதற்கு மேலே, உட்கார்ந்திருப்பவளின் தலை இருக்கும் உயரத்தில், வெறும் காற்றை மெல்ல வருடிக் கொடுத்தான்.