கடைசி ஸ்லைடில் அப்பா

"ஐயோ... முதலாளி!"

அலறல் கேட்டு ஃபாக்டரி மொத்தமும் வாசலுக்கு ஓடி வந்தது.

முதலாளி சிமெண்ட் தரையில் குப்புறக் கிடந்தார். மகள் வாங்கிக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. அன்று காலையில்தான் பிரித்துப் போட்டிருந்தார்.

மேலே மொட்டைமாடியில் கைப்பிடிக் கம்பி ஒன்று பெயர்ந்து தொங்கியது.

"நான் கீழ ஆபீஸ்ல இருந்தேன் சார். மாடிப் பக்கமே போகல!" வந்து சேர்ந்த இன்ஸ்பெக்டர் முன் மாப்பிள்ளை கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தான். கண்ணில் ஈரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். "அந்தக் கம்பியை மாட்டினது வெல்டர். ஒரு போல்ட்டுகூட இல்லை பாருங்க!"

"முறுக்கிட்டுத்தான் சார் எறங்கினேன்! என் புள்ளைங்க மேல சத்தியமா!" வெல்டர் கதறினான்.

இன்ஸ்பெக்டர் அவனை ஜீப்பில் ஏற்றினார்.

மகளும் நம்பினாள். வெல்டரை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

*

இரங்கல் கூட்டத்தன்று காலை.

வீட்டில், மாமனாரின் நாற்காலியில் மாப்பிள்ளை லேப்டாப்போடு சாய்ந்திருந்தான். இதற்கு முன் அந்த நாற்காலியின் கைப்பிடியைத் தொடக்கூடத் துணியாத ஆசாமி!

போன் அடித்தது. கூட்டம் நடக்கும் ஹாலின் ஆபரேட்டர்.

"சார், ஸ்லைடெல்லாம் பி.டி.எஃப்.பா அனுப்பிடுங்க. எங்க சிஸ்டம் அரதப் பழசு. எழுத்தெல்லாம் கலைஞ்சுடும்."

"பி.டி.எஃப்.பா? யோவ், அனிமேஷன் எப்படிய்யா வரும்? மாமா இடது பக்கத்துலேர்ந்து பறந்து வர்றாரு... பின்னாடி வயலின் அழுவுது!"

"அப்ப வீடியோவா மாத்தி..."

"அதுக்கு எவன் உக்காந்துட்டிருப்பான்? நான் செஞ்ச பவர்பாயிண்ட்டை அப்படியே பி.பி.டி.யாவே அனுப்பறேன். ஓட விடறது உன் வேலை!"

லைனைத் துண்டித்தான். "தற்குறிங்க!"

"எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்றாள் மகள் வாசலில் நின்று. "அப்பா போட்டோவை ஃப்ரேம் போடணும். பி.டி.எஃப். போதும்."

"பாரு, இதுவும் பேசுது!" அவன் சிரித்தான். "டபுள் கிளிக் பண்ணத் தெரியுமா உனக்கு? நான் ராத்திரி பகலா செஞ்சதோட அழகு பி.டி.எஃப்.ல தெரியாதுடி. பி.பி.டி.யையே அனுப்பறேன். பார்த்துக் கத்துக்கோ!"

ஒரே மெயில். இரண்டு பேருக்கும்.

மகா மேதை!

*

மகள் தன் அறையில் ஃபைலைத் திறந்தாள். வயலின் அழுதது. அப்பா பறந்தார், சுழன்றார், சக்கரம் மாதிரி உருண்டார். செத்துப்போன மனுஷனை இப்படியா பம்பரம் விடுவான்? பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஸ்லைடுக்கு வந்தாள்.

அப்பாவின் முகம். முகம் மட்டும். வாய் நிறையச் சிரிப்பு.

இப்படி ஒரு போட்டோவை அவள் பார்த்ததே இல்லை.

கழுத்தருகே ஒரு துளி... நீலக் கட்டம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்தச் சட்டையை அப்பா ஒரே ஒரு நாள்தானே போட்டார்?

சட்டை முழுசும் தெரியுமா? படத்தில் டபுள் கிளிக் செய்தாள். ஆமாம்... அவளுக்குத் தெரியும்! மேலே வரிசையாக பட்டன்கள். கத்தரிக்கிற பட்டனை அழுத்தினாள்.

வெட்டின மிச்சம் மங்கலாக விரிந்தது. வெட்டினால் போயே போய்விடும் என்று நினைத்திருக்கிறான். எல்லாம் உள்ளேயேதான் இருந்தது!

ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

சட்டை. வானம். மொட்டைமாடி. அப்பா கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறார். கம்பியின் அடியில் வெறும் ஓட்டைகள். பக்கத்துச் சுவர் மேல் ஒரு ஸ்பானர்... கழற்றிய போல்ட்டுகள்!

'சிரிங்க மாமா... அப்படியே பின்னாடி சாய்ஞ்சுக்குங்க...'

அந்தக் குரல் அவள் காதிலேயே கேட்டது. நம்பித்தானே சிரித்தார்!

லாக்கப்பில் ஒரு அப்பாவி. பக்கத்து அறையில் ஒரு கொலைகாரன் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருக்கிறான்.

அழுவதற்கு நேரமில்லை. போனை எடுத்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார்... உங்களுக்கு ஒரு ஃபைல் அனுப்பறேன்."

*

ஹால் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை மேடையில் மைக்கைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தான்.

"மாமா எங்கயும் போகல! இதோ... நம்மளப் பார்த்துச் சிரிச்சிட்டிருக்காரு!"

கையைத் திரைப் பக்கம் நீட்டினான். வயலின் உச்சத்துக்குப் போனது.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தே விட்டார்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

முழுப் படம்! கம்பி... ஓட்டை... ஸ்பானர்... திரை கொள்ளாமல்!

"இது எப்படி... நான்தான் வெட்டிட்டேனே!"

மைக் அதை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது.

"எதை சார் வெட்டினீங்க?" இன்ஸ்பெக்டர் மேடை ஏறினார். "மாடிப் பக்கமே போகாதவர் மாடியில போட்டோ எடுத்திருக்கீங்க. எடுத்தது உங்க போன்தானே?"

"இல்ல... அது... நல்லா வந்திருந்தது, அதான்..."

"நல்லா வந்திருந்ததா!" மகளின் குரல் உடைந்தது. "எங்கப்பா சாகப்போற நிமிஷம்டா அது! அதுக்கு வயலின் வேற வெச்சியா?"

அவன் மைக்கை அணைக்கத் தடவினான்.

"பி.டி.எஃப். போதும்னு சொன்னேன். ஆபரேட்டரும் சொன்னார். அதுல நீ வெட்டினது வெட்டினதாவே போயிருக்கும். டபுள் கிளிக் பண்ணத் தெரியாதவள்னு நெனச்சே இல்ல? முழுப் படத்தையும் விரிச்சு ஆபரேட்டருக்கு அனுப்பினதே நான்தான்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "சார்... அந்த வெல்டர்?"

"வீட்டுக்குக் கிளம்பியிருப்பான்மா. வர்ற வழியிலயே சொல்லிட்டேன்."

"நான் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

மாப்பிள்ளை மேடையின் பின்பக்கம் நழுவப் பார்த்தான். இரண்டு கான்ஸ்டபிள்கள் வழியை மறித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். வெளியே நின்ற ஜீப்பைக் காட்டினார்.

"வாங்க மேதை. இடது பக்கத்துலேர்ந்து பறந்து வர்றீங்களா, சக்கரம் மாதிரி உருண்டு வர்றீங்களா? அனிமேஷன் உங்க இஷ்டம்!"