முத்திரையின் கடைசி ஜன்னல்

தடார்!

பூட்டிய அறைக்குள் முத்திரை இயந்திரத்தின் இரும்புப் பிடி தானாக இறங்கிய சத்தம். தலைமை எழுத்தர் சாவியோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

"ஸ்பிரிங் போயிருக்கும் சார்," என்றான் பியூன். "அந்த மிஷினுக்கு இன்னிக்கு ரிட்டயர்மென்ட். நமக்காவது ஒரு மாலை போடுவாங்க, அதுக்கு அதுவும் கிடையாது."

எதிர் பெஞ்சில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் தம்பி உட்கார்ந்திருந்தான். அந்த மனநல மருத்துவமனையில் முத்திரை விழாமல் எந்த நோயாளியும் வெளியே போக முடியாது. முத்திரைக்குக் காத்திருந்தே செத்தவர்களைப் பின்பக்கம் புதைத்துவிட்டு, அடுத்தவருக்குப் படுக்கை விரிப்பார்கள்.

டைரக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். "நாளைலேருந்து புது முத்திரை. உங்க தம்பி டிஸ்சார்ஜ் உத்தரவுல இன்னிக்கே குத்திடுங்க. விட்டா மறுபடி போர்டு, மறுபடி பரிசோதனை. அவங்க தூங்கி எழுந்திரிக்கவே ஆறு மாசம் ஆகும்."

தலைமை எழுத்தர் பூட்டைத் திறந்து உள்ளே போனார். எண்ணெயும் துருவும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கில் அப்பியது. சுவரில் வரிசையாகக் கண்ணாடிச் சட்டங்கள்; ஒவ்வொரு டைரக்டரும் பதவியேற்ற நாளில் குத்திய முதல் முத்திரை. எல்லாம் ஒரே பித்தளை அச்சு. அதில் செதுக்கியிருந்தது இதே கட்டடம்தான்: ஒரு வாசல், இரண்டு வரிசை ஜன்னல்கள்.

மிகப் பழைய சட்டத்தில் ஜன்னல்கள் காலி. அடுத்ததில் ஒரு புள்ளி. அதற்கடுத்ததில் நாலைந்து. அச்சு தேய்ந்துவிட்டது என்றுதான் இத்தனை காலம் எல்லாரும் சொன்னார்கள்.

தேய்ந்தால் கோடு மறையும். முளைக்குமா?

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். புள்ளிகள் இல்லை. முகங்கள்.

உத்தரவில் குத்துமுன் கழிவுத்தாளில் ஒரு தடவை குத்திப் பார்ப்பது அங்கே வழக்கம். அந்தத் தாள் ஏற்கெனவே இயந்திரத்துக்குள் இருந்தது. குத்தப்பட்டு. கடைசி ஜன்னலில் ஒரு கிழவன், கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்துச் சிரித்தான்.

கழிவுத்தாளை உருவி எறிந்தார். ஓடிவிடலாம். ஓடினால்? இன்னும் ஆறு மாசம். தம்பி தாங்கமாட்டான்.

உத்தரவை வைத்தார். கண்ணை மூடினார். பிடியை அழுத்தினார்.

தாளை எடுத்தார். கடைசி ஜன்னலில் கிழவன் இல்லை.

புருவத்தில் வெட்டுத் தழும்பு. சரிந்த இடது கண். திறந்த வாய்.

தம்பி.

புடைத்திருந்த அந்த முகத்தை விரலால் தொட்டார். விரலுக்கடியில் உதடுகள் அசைந்தன.

தம்பியின் பெயரைக் கத்திக்கொண்டே வெளியே பாய்ந்தார். பெஞ்சில் தம்பி இருந்தான். மெல்லத் திரும்பினான். சிரித்தான். அந்தக் கிழவனின் சிரிப்பு.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தான். குளிர்ந்த கை.

"கூப்பிடாதீங்க, அவனுக்கு உள்ளே கேக்காது. வாங்க, வீட்டுக்குப் போலாம். நான் தெருவைப் பாத்து ரொம்ப வருஷமாச்சு."