எட்டாவது இலை

"டேய் சுரேஷு, தூக்குடா. தின்ற சோறெல்லாம் எங்கதான் போவுதோ..."

கூடத்திலிருந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டே கத்தினாள் வெண்ணிலா. அடுத்த வீட்டு சுரேஷிடமிருந்து பதிலே இல்லை. கட்டில் மட்டும் ஒரு சாண் நகர்ந்து, வாசற்படியில் சிக்கிக்கொண்டது.

பண்டசோழநல்லூரில் அவர்கள் வீடு ஒரு கூடம், ஓர் அடுப்படி... அவ்வளவுதான். விருந்து என்றால் அப்பாவின் மரக்கட்டில் வெளியே போயாக வேண்டும். அது போனால்தான் கூடத்தில் ஏழு இலை விழும். இன்றைக்குப் பெரியப்பா மகள் செல்வகுமாரி, கல்யாணமான பிறகு முதல் தடவையாக, மாப்பிள்ளை வீட்டாரோடு விருந்துக்கு வருகிறாள். சொன்னது ஏழு பேர். ஐப்பசி மழை வேறு இருட்டிக்கொண்டு நின்றது.

"ஒருக்களிச்சுத் திருப்புடா. கட்டில் கால முதல்ல வெளிய வுடு. இன்னா, வாய் பேச மாட்டியா?"

"திருப்பிட்டேங்க. ஆனா நான் சுரேஷ் இல்லீங்க."

கட்டிலின் பலகைச் சந்தில் இரண்டு கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று தொங்கியது. அந்தக் கண்கள் சிரித்தன.

"நீங்க..."

"மாப்பிள்ளையோட தம்பி, தமிழ்க்குமரன். கார ஓட்டிக்கினு வந்தேன். தெருவுல கார் நுழையல, அவங்க பின்னாடி நடந்து வராங்க. தின்ற சோறு எங்க போவுதுன்னு கேட்டீங்களே... தவளக்குப்பத்துல மோட்டார் கடை வெச்சிருக்கேன். அங்கதாங்க போவுது."

வெண்ணிலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னம் சுட்டது. கூடவே மனசு எண்ணியது... இவன் எட்டாவது ஆள்.

கட்டில் வெளியே போனது. ஏழு இலை விழுந்தன.

"தம்பி, நீயும் குந்துப்பா" என்றாள் வெண்ணிலாவின் அம்மா தனக்கொடி.

"நான் அடுத்த பந்தியில குந்துறேன் அத்தை."

மழை பிடித்துக்கொண்டது. அவன் சன்னலோரம் தாழ்வாரத்தில் நின்று, கட்டில் நனையாமல் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். வஞ்சிரக் குழம்பு ஊற்றும்போது வெண்ணிலாவின் கை இலையில் இருந்தது. கண் மட்டும் ஏனோ சன்னலுக்கு ஓடியது...

முதல் பந்தி எழுந்தது. அவள் பெரிய தலைவாழை இலையாகப் பார்த்து எடுத்து, தண்ணீர் தெளித்து, தானே அவனுக்குப் போட்டாள்.

"வாங்க."

அவன் இலையைப் பார்த்தான். அடுப்படிப் பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"இல்லீங்க... நான் வழியிலயே சாப்ட்டேன்."

"ஒரு வாயாவது தம்பி..." என்று கெஞ்சினாள் தனக்கொடி.

"வயிறு ரொம்பிடுச்சு அத்தை."

எங்க வூட்டுத் தரையில குந்த இவருக்குக் கவுரவக் கொறச்சலா... வெண்ணிலா அந்த இலையை மடிக்காமல் அப்படியே விட்டாள். கார் கிளம்பும்போது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

அப்புறம் வந்த நாள்களில், வேலைக்குப் போகும் பஸ் தவளக்குப்பம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மோட்டார் கடை போர்டுகளைத் தேடுவாள். அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்... அதற்காகத்தான் தேடுவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளும் அவன் கண்ணில் படவில்லை. மழைத்துளியைப் பார்த்தால் மட்டும் அந்த இமை ஞாபகம் வந்தது.

கார்த்திகையில் செல்வகுமாரி போன் செய்தாள்.

"ஏய் வெண்ணிலா, எங்க வூட்ல உன்னக் கேக்குறாங்கடி. குமரன் தம்பியே வாய வுட்டு சொல்லுச்சு."

நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடியது. வாயோ வேறு பேசியது.

"எங்க வூட்ல ஒரு வாய் சாப்புடாதவருக்கு, எங்க வூட்டுப் பொண்ணு மட்டும் எதுக்குக்கா? வேணாம்னு சொல்லிடு."

போனை வைத்துவிட்டுத் தோட்டத்தில் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம். கூடத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கட்டில் ஒருக்களித்து, கால் முதலில் வெளியே போய், சிக்காமல் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தமிழ்க்குமரன்.

"இன்னா பண்றீங்க?"

"சாப்புட வந்தேன். எடம் வேணுமில்ல?"

"அன்னிக்கு எடம் இருந்துச்சு. எலையும் இருந்துச்சு."

"கொழம்பு இல்லீங்களே..." அவன் குரல் தணிந்தது. "சன்னல்ல நின்னு பாத்துக்கினுதான இருந்தேன். எங்காளுங்க மூணு தடவ கேட்டு வாங்கினாங்க. சட்டியில அடி தெரிஞ்சுது. நீங்களும் அத்தையும் இன்னும் சாப்புடல. நான் குந்தினா உங்க பங்கத்தான் தின்னிருப்பேன்."

"வழியில சாப்ட்டேன்னு சொன்னீங்க..."

"சாப்ட்டேன். திரும்பிப் போற வழியில. ரெண்டு பன்னு."

வெண்ணிலா தரையைப் பார்த்தாள். இத்தனை நாள் சுமந்த கோபம் கரைந்து, கண்ணுக்குத்தான் வந்தது.

"நான் அதுவும் தின்னல" என்றாள்.

"இன்னா?"

"நீங்க தொடாத எலையப் பாத்துக்கினே இருந்தேன். எனக்கு எறங்கல. என் பங்கு மீனு பூனைக்குத்தான் போச்சு."

"அட... நான் பட்டினி, நீங்க பட்டினி. பூனைக்கு விருந்து."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அடுப்படியிலிருந்து தனக்கொடியின் குரல் வந்தது.

"தம்பிய நிக்க வெச்சே பேசுவியாடி? எலையப் போடு."

ஓர் இலை போட்டாள். அவன் உட்காரவில்லை.

"இன்னொண்ணும் போடுங்க."

"யாருக்கு?"

"உங்களுக்கு. உங்க பங்கு உங்க எலையில வுழுந்தாத்தான் நான் கை வெப்பேன். வேணாம்னு சொன்னீங்களாமே, அப்போ உங்க இஷ்டம்..."

வெண்ணிலா உள்ளே போனாள். கையில் இன்னோர் இலையோடு வந்தாள். அதை அவன் இலைக்குப் பக்கத்தில், ஓரம் ஒட்டிப் போட்டாள்.

"சாப்புடாதவரத்தான் வேணாம்னேன்..."

இரண்டு இலையிலும் தண்ணீர் தெளித்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"அன்னிக்குக் கட்டில் சிக்குச்சே... உங்களப் பாத்ததும், அது இன்னும் கொஞ்ச நேரம் சிக்கிக்கினே கெடக்கட்டும்னு நெனச்சேன்."