வரிசை தூங்கிய பிற்பகல்

பிற்பகல் மூன்று மணி. மருத்துவமனையின் கணினிப் பிரிவில் மின்விசிறி மட்டும் விழித்திருந்தது. பரிசோதனைக்கூடம் வார்டுகளுக்கு அனுப்பிய இரத்த அறிக்கைகள் தரவுத்தள சர்வரின் செய்தி வரிசையில், வெளியே போக வழியின்றி, அப்படியே நின்றிருந்தன. வரிசையைக் கண்காணிக்க வேண்டியவளோ மேசையில் தலைசாய்த்து, எங்கோ மிதந்துகொண்டிருந்தாள். வீட்டில் கைக்குழந்தை; அவள் ஒழுங்காகத் தூங்கி மாதங்களாகியிருந்தன.

மேலாளர் மேசையைத் தட்டி எழுப்பினார். அறிக்கைக்காக ஓர் அறுவைச் சிகிச்சையே காத்துக் கிடக்கிறது என்றதும் அவள் பதறிப்போய் வரிசையைத் திறந்துவிட்டாள். அறிக்கைகள் போய்ச் சேர்ந்தன. நல்லவேளை, நோயாளி பிழைத்தார்.

ஐந்து மணிக்கு விசாரிக்க வந்தாள் தலைமை அலுவலகத்துப் பெண். நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது என்பதால் எல்லோருக்கும் அவள் 'பூனை'.

"தூக்கத்துல கை பட்டு வரிசையை நிறுத்திட்டா மேடம்," என்றார் மேலாளர், ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டபடி. "நான் என் ரூம்லதான் இருந்தேன். இவளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"நீயா நிறுத்தினே?" பூனை அவள் பக்கம் திரும்பினாள்.

"தெரியல மேடம். குழந்தை அழுற மாதிரி கனவு. கை எதையோ தட்டுச்சு..." அவள் தன் விரல்களையே சந்தேகமாகப் பார்த்தாள். வேலை போவதைவிட, தன் கையைத் தானே நம்ப முடியாததுதான் அவளை அரித்தது.

பூனை கண்காணிப்புத் திரையைத் திறந்தாள். இரண்டு கோடுகள். நொடிக்கு எத்தனை செய்தி வெளியேறுகிறது என்பது பச்சை. சர்வர் ஓடத் தொடங்கியதிலிருந்து வெளியேறிய மொத்தம் நீலம். இரண்டரை மணிக்கு இரண்டுமே சட்டென விழுந்து பூஜ்ஜியத்தில் படுத்திருந்தன. மூன்றுக்குப் பச்சை சட்டென எழுந்தது. நீலம் தரையிலிருந்து மெல்ல ஏறியது.

"சர்வர் ரூம் சாவி?"

"என்கிட்டதான்," என்றார் மேலாளர்.

"இவ இங்கேருந்தே சர்வரை அணைக்க முடியுமா?"

"அதுக்கு அனுமதி கிடையாது. வரிசையை நிறுத்தலாம், திறக்கலாம். அவ்வளவுதான்."

பூனை சிரித்தாள். "வண்டியை நிறுத்தினா வேகம் பூஜ்ஜியமாகும் சார். ஓடின தூரமும் பூஜ்ஜியமாகுமா? வரிசை மட்டும் நின்னிருந்தா நீலக்கோடு இருந்த இடத்துலயே இருந்திருக்கும். அதுவும் விழுந்திருக்குன்னா சர்வரே அணைஞ்சு எழுந்திருக்கு. வெளியில இப்படி வெயில் கொளுத்துது, நீங்க ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க. சர்வர் ரூம் ஏசியில ஒரு குட்டித் தூக்கமா?"

மேலாளர் ஸ்வெட்டரைக் கழற்றியபடி, "காலை நீட்டினேன், சுவிட்சுல பட்டுடுச்சு. உடனே போட்டுட்டேனே!" என்றார்.

"சர்வர் எழுந்திரிச்சது. ஆனா வரிசை தானா ஓடாது, கையால திறந்து விடணும்கிறது உங்களுக்குத் தெரியல. தெரிஞ்சவ மேல பழியைப் போட்டீங்க."

மேலாளர் தலைகுனிந்தபடி வெளியே போனார். அவள் மட்டும் இன்னும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ கனவுல நான் தட்டினது?"

"குழந்தையைத்தான்," என்றாள் பூனை. "தூங்க வச்சிருப்பே."

அதுவரை அடக்கி வைத்திருந்தவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.