முந்நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு

சுவிஸில் ஓல்டன் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருட்களைத் தேடிக் கொடுக்கும் பகுதியில் இருபது வருடம் இருந்தவர் சச்சிதானந்தன். குடை, பல்செட், ஒருமுறை ஒரு கூறைச்சேலைகூட அவர் கையால் வீடு திரும்பியிருக்கிறது. ஓய்வு பெற்ற பின்னும் சனம் அவரை விட்டால்தானே! அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு ரிஷானி வந்தபோது தவச்செல்வனும் அங்கிருந்தான். பஸ் ஓட்டுவது அவனுக்கு வயிற்றுப்பாட்டுக்கு; துப்புத் துலக்குவதென்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"மாமா, அப்பான்ரை புத்தகத்தின்ரை கடைசிப் பக்கங்களை ஆரோ வெட்டிப்போட்டினம்" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

அவள் அப்பா சிவலிங்கத்தைப் பேர்ண் ஆஸ்பத்திரி இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தது. டொக்டர் சொன்ன கணக்கு ஒரு கிழமை; ஏழே நாள். டியூடர் காலத்து இங்கிலாந்து என்றால் மனிதருக்குப் பைத்தியம். அரண்மனைச் சூழ்ச்சி, ஒற்றர்கள், இரகசியக் கடிதங்கள் என்று ஒன்று விடாமல் வாசித்தவர். கண் மங்கியபின் ரிஷானி டொச் என்கிற ஜெர்மன் மொழியில் வாசித்துத் தமிழில் சொல்லிவந்தாள். இந்தக் கதையில் அரசியின் இரகசியங்களை அரண்மனைக்குள் யாரோ விற்கிறார்கள். "துரோகி ஆரெண்டு தெரியாமல் நான் போகமாட்டன்" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழைய பதிப்பு மாமா. கடையளிலை இல்லை. நூலகம் எடுத்துத்தர மூண்டு கிழமையாம். அப்பாட்டை மூண்டு கிழமை இல்லை."

"லக்ஷ்மணன் அண்ணைதான்!" தவச்செல்வன் கதிரையை விட்டே எழும்பிவிட்டான். "கதையிலை முத்திரை மெழுகு உருக்கிறவன்தான் துரோகி எண்டு சிவலிங்கம் அண்ணையோடை பந்தயம் பிடிச்சவர். நேற்றும் வந்தவர். தோத்திடுவன் எண்டு வெட்டிப்போட்டார்."

சச்சிதானந்தன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முந்நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு ஒன்றுமில்லை. முன்னாலிருந்த பொருளடக்கத்தின்படி கதை முடிவது முந்நூற்று ஐம்பத்தெட்டில். அதற்குப் பின் வரலாற்றுக் குறிப்பு, அரச வம்ச அட்டவணை என்று இன்னும் நாற்பது பக்கம். அவையும் போயிருந்தன. வெட்டுவாயில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூள்.

"சிகரெட் சாம்பல்! லக்ஷ்மணன் அண்ணை சிகரெட் பத்துறவர்!"

சச்சிதானந்தன் தூளை மணந்து பார்த்தார். "லக்ஷ்மணன் டொச் வாசிப்பாரோ, பிள்ளை?"

"ஓம் மாமா, என்னைவிட நல்லா."

அவர்கள் வீட்டுக்குப் போனபோது சிவலிங்கம் நித்திரை. குசினியில் மனைவி ஜெயகௌரி கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்; லக்ஷ்மணனும் அங்கே இருந்தார். கள்ளன் அகப்பட்டான் என்று தவச்செல்வன் கதவடியிலேயே மறித்து நின்றான்.

"வழியை விடு தவம், லக்ஷ்மணன் இல்லை" என்றார் சச்சிதானந்தன். "டொச் தெரிஞ்ச ஆளெண்டா கதை முடியிற இடம்வரைக்கும் எடுத்தாப் போதும். இது எது கதை, எது குறிப்பெண்டு தெரியாத ஒராள் பயத்திலை எல்லாத்தையும் சேர்த்து வெட்டினது. இது சாம்பலில்லை, திருநீறு. புத்தகத்திலை கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுற ஆக்கள் நாங்கள். அதிலை கத்தி வைச்ச ஆள் மன்னிப்புக் கேட்டுத் திருநீறு பூசியிருக்கு. பிறகு அந்தப் பக்கங்களைப் பழைய பேப்பர்க்கட்டோடை எறிய மனம் வருமோ? சரஸ்வதி படத்துக்குப் பின்னாலை பார்க்கட்டோ, கௌரி?"

ஜெயகௌரி அடுப்பை நிறுத்தினாள். முப்பது வருடம் ஹோட்டல் சலவை அறையில் நின்றவள்; டொச் எழுத்துப் படிக்க யாரும் அவளுக்கு நேரம் கொடுத்ததில்லை.

"கதை முடியாமல் போகமாட்டன் எண்டு அவர்தானே சொன்னவர், அண்ணை" என்றாள். "முடிஞ்சாப் போயிடுவாரெல்லே?"

தவச்செல்வனுக்கு, இதையா வெற்றி என்று கொண்டாட வந்தோம் என்று தன்மீதே வெறுப்பாக இருந்தது.

"இந்த ஏக்கத்தோடை அவரை அனுப்பப்போறியோ, பிள்ளை?" சச்சிதானந்தன் மெல்லக் கேட்டார். ஜெயகௌரி அழுதபடியே சாமித்தட்டடிக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். ரிஷானி வாசித்தாள். ஒற்றர் தலைவன் சந்தேகப்பட்டவர்களை ஒரே அறைக்குக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டினான். கதையில் மிச்சம் ஒரேயொரு ஒற்றை, முன்னும் பின்னுமாக இரண்டே பக்கம். சிவலிங்கம் கையை உயர்த்தினார்.

"போதும் பிள்ளை. மிச்சம் நாளைக்கு."

"அண்ணை, ஒரு ஒற்றைதானே கிடக்கு!" தவச்செல்வனால் பொறுக்க முடியவில்லை.

சிவலிங்கம் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "எத்தனை ஒற்றரைப் படிச்சனான். உன்னைக் கண்டுபிடிக்கேலாதோ, கௌரி? புத்தகத்தைக் கையிலை எடுத்தோடனை திருநீறு மணந்தது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பயப்பிடாதை. இன்னும் முடியேல்லை."

அடுத்தநாள் விடியற்காலை அவர் போய்விட்டார்.

தகனமண்டபத்தில் பெட்டி மூடுமுன் ஜெயகௌரி அந்தக் கடைசி ஒற்றையை எடுத்தாள். மடிக்கக் கை வரவில்லை. பக்கத்தில் நின்ற தவச்செல்வனிடம் நீட்டினாள். அவனுக்கு டொச் நன்றாகத் தெரியும். ஒரு வரி போதும், துரோகி யாரென்று தெரிந்துவிடும். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவி நான்காய் மடித்துக் கொடுத்தான். அவள் அதை அவர் சட்டைப்பைக்குள் வைத்தாள்.