வலது பெருவிரல்

நான் காவல் நிலையத்துக்குப் போனது காலை பதினோரு மணிக்கு. பேய் பிசாசுக்கு ஆகிற நேரமே இல்லை. வெளியே பளீரென்று வெயில். உள்ளே ஒரு மின்விசிறி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. மேஜையில் பாதி குடித்த தேநீரில் ஆடை படிந்திருந்தது.

போன காரியமும் சின்னதுதான். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கேயே தங்கிப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாடு, ஒரு கட்டில், பூட்டுப் போடுகிற மாதிரி ஓர் அலமாரி. "உங்க மேல கேஸ் எதுவும் இல்லைன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்கம்மா. கைரேகை எடுப்பாங்க. திங்கட்கிழமைக்குள்ள கொண்டு வந்தா கட்டில் உங்களுக்கு," என்றார் மேலாளர்.

அதே திங்கட்கிழமைதான் வீட்டைக் காலி செய்யச் சொல்லி என் அண்ணன் கெடு வைத்திருந்தான். அது, படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவுக்குப் பதினோரு வருஷம் நான் பீ மூத்திரம் அள்ளிய வீடு. அம்மா போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் விலை பேசிவிட்டான். எனக்கு இந்தச் சான்றிதழ் கிடைத்தால் கட்டில், கிடைக்காவிட்டால் தெரு.

ரேகை எடுக்க ஒரு பெண் காவலர் வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். சரியாகத் தூங்காத முகம்.

"மெஷின் ரிப்பேர் அக்கா. மையிலதான் எடுக்கணும், பரவாயில்லையா?"

கண்ணாடித் தட்டில் கறுப்பு மையைப் பிதுக்கி, ரப்பர் உருளையால் மெல்லிசாகத் தேய்த்தாள். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை எழுந்தது. என் வலது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டினாள்.

"கையை மரக்கட்டை மாதிரி வைக்காதீங்கக்கா. தளர விடுங்க. நீங்க ஒண்ணும் பண்ணவேணாம், நான்தான் உருட்டுவேன். கையே உங்களது இல்லைன்னு நினைச்சுக்கங்க."

தளர்ந்த கை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விட்டேன். விரலைக் காகிதத்தில் உருட்டி எடுத்தாள்.

"தழும்பு இருக்கா? சொல்லவேயில்ல?"

காகிதத்தைப் பார்த்தேன். கறுப்புக் கோடுகளின் நடுவே, மேலிருந்து கீழாகச் சாய்வாக, ஒரு வெள்ளைப் பிளவு. அதன் ஓரங்களில் மூன்று தையல் புள்ளிகள்.

விரலைத் துணியால் அழுந்தத் துடைத்துப் பார்த்தேன். என் விரல் வழவழவென்று இருந்தது.

ஆனால் அந்தத் தழும்பை எனக்குத் தெரியும். எனக்கு ஒரு வயசு இருக்கும்போது பால் பவுடர் டின்னை அவசரமாகத் திறந்த அம்மாவின் வலது பெருவிரலை மூடி கிழித்துவிட்டது. மூன்று தையல். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் அதைத்தான் காட்டுவாள். "உனக்காக அறுத்துக்கிட்டதுடி."

"தட்டுல ஏதோ முடி ஒட்டியிருக்கு," என்று காவலர் தட்டைத் துடைத்து, புது மை தடவி, புதுப் படிவம் எடுத்தாள். மறுபடி உருட்டினாள்.

மறுபடி அதே பிளவு.

மூன்றாவது முறை என் மணிக்கட்டு சில்லிட்டது. காவலரின் கை சூடாக இருந்தது, வேர்த்திருந்தது. அது என் பெருவிரலைப் பிடித்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்தது வேறு கை.

பக்கத்தில் யாரும் இல்லை.

மை வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்ல மேலே வந்தது. படுக்கைப் புண்ணுக்குப் போடும் பவுடரும், எத்தனை துவைத்தாலும் போகாத ரப்பர் விரிப்பும் கலந்த வாடை. பதினோரு வருஷம் என் சோற்றில்கூட இருந்த வாடை அது.

"அமுக்காதீங்கக்கா," என்றாள் காவலர்.

"நான் அமுக்கல."

"பின்ன யாரு அமுக்குறா?"

எனக்குத் தெரியும்.

அம்மா இறந்த அன்று சாயங்காலம் நாலு மணி. ஒரு மாதமாக வராத அண்ணன் அரை மணியில் வந்துவிட்டான். கையில் ஓர் உயில், சட்டைப் பையில் நீல மைப்பெட்டி. வீடு மகனுக்கே என்று தட்டெழுதி, சாட்சிக் கையெழுத்துகூட வாங்கி வைத்திருந்தான். அம்மாவுக்குக் கை நடுக்கத்தால் கையெழுத்து நின்று வெகுகாலம் ஆகிறது, எங்கேயும் வலது பெருவிரல் ரேகைதான். "உடம்புல சூடு இருக்கும்போதே வச்சிடணும்," என்றான். "ஒரு ரூம் உனக்குத்தான். சாகுற வரைக்கும் யாரும் உன்னை அசைக்க முடியாது."

பெற்ற தாயின் கையைத் தொட அவனுக்குப் பயம். "எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நீயே பிடி. நீதான் பழகினவ."

பிடித்தேன். அதை ஏன் மறைக்க வேண்டும்? ஒரே ஓர் அறைக்காகப் பிடித்தேன். ஒரு கையால் மணிக்கட்டு, இன்னொரு கையால் பெருவிரல். அந்தக் கை எனக்கு எந்தச் சிரமமும் கொடுக்கவில்லை, சொன்னபடி கேட்டது. உயிரோடு இருந்த அம்மா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு அம்மாவின் பெருவிரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். நீலம் போகவில்லை. சொந்தக்காரர்கள் வருவதற்குள் பெருவிரலை உள்ளே வைத்து, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக நாலு விரலையும் அதன் மேல் மடக்கிவிட்டேன். மூடிய கையோடுதான் அம்மா போனாள்.

மற்ற ஒன்பது விரலும் ஒழுங்காக என் ரேகையாகவே வந்தன. பெருவிரலுக்கு மட்டும் நாலு படிவம் பாழானது. காவலரின் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"மேடம்," என்றேன் மெதுவாக. "அது எங்க அம்மா ரேகை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதோ கேட்கப் போகிறாள், நானும் சொல்லிவிடப் போகிறேன் என்று நினைத்தேன். கட்டில் போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

"பொண்ணுக்கு அம்மா சாயல் இல்லாம பக்கத்து வீட்டுச் சாயலா வரும்?" என்றாள். பேனாவை எடுத்து, அங்க அடையாளம் என்ற இடத்தில் எழுதினாள்: வலது பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு.

"ஆனா என் கையில தழும்பு இல்லையே."

"பேப்பர்ல இருக்குல்ல. மேல இருக்கவங்க பேப்பரைத்தான் பாப்பாங்க. போய்க் கை கழுவுங்கக்கா."

ஒரு நொடி தைரியம் அதோடு தீர்ந்தது. கை கழுவப் போனேன்.

சனிக்கிழமை சான்றிதழ் வந்துவிட்டது. என் மேல் குற்றம் எதுவும் இல்லையாம். முத்திரை குத்தித் தந்தார்கள். திங்கட்கிழமை கட்டிலும் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து அண்ணன் கூப்பிட்டான். எடுத்ததுமே கத்தல்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே? வீட்டை வாங்க வந்தவன் வக்கீல் வச்சு உயிலை ஒத்துப் பாத்திருக்கான். பேங்க்ல அம்மா வச்ச ரேகையில தழும்பு இருக்கு. உயில்ல இருக்கறதுல தழும்பே இல்ல. போர்ஜரின்னு சொல்றாங்க. என்னைப் போலீஸ்ல கூப்பிட்டு வச்சிருக்காங்க."

"நீயும் பக்கத்துலதானே நின்னே?"

"அம்மா கையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு உன் விரலை வச்சியா? சொல்லு. அது உன் ரேகைதானே?"

நான் என் பெருவிரலைப் பார்த்தேன்.

"உன்னையும் இழுப்பேன். உன் ரேகையை எடுத்து ஒத்துப் பாக்கச் சொல்றேன், பார்."

பார்த்தார்கள். காவல் நிலையத்தில்தான் என் பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றனவே. உயிலில் இருப்பது வழவழப்பான பெருவிரல். என் படிவத்தில் இருப்பது தழும்பு விழுந்த பெருவிரல். ஒத்துப்போகவில்லை என்று எழுதி, என்னை விட்டுவிட்டார்கள். அண்ணனை விடவில்லை.

அம்மா தன் ரேகையை உயிலிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்னுடையதை வைத்துவிட்டாள். என்னுடைய இடத்தில் தன்னுடையதை வைத்துவிட்டாள். என்னைக் காப்பாற்றத்தான் செய்தாள் என்று முதல் சில நாள் நம்பினேன். அழுதேன்கூட. பதினோரு வருஷத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், செத்த பிறகாவது என் பக்கம் நின்றாளே என்று.

இப்போது அப்படித் தோன்றவில்லை.

இல்லத்தில் என் கட்டில் ஜன்னலோரம். காலை ஆறு மணிக்கு மணியடிக்கும். எழுந்து முதலில் வலது கையைத்தான் பார்க்கிறேன். தினமும் அது இறுக மூடியிருக்கிறது. பெருவிரல் உள்ளே. அதன் மேல் நாலு விரலும், யாரோ பொறுமையாக ஒவ்வொன்றாக மடக்கி வைத்த மாதிரி. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் திறக்கும். முதல் வாரம் உடனே பிரிந்தது. இப்போது அரை மணி ஆகிறது.

இன்றைக்குச் சுண்டு விரல் பிரியவே இல்லை. மற்ற மூன்றையும் நெம்பி உள்ளே பார்த்தேன்.

காவல் நிலையத்தில் எனக்குத் தடவியது கறுப்பு மை.

என் பெருவிரல் நீலமாக இருந்தது.